கோழி இறைச்சியும் ஆளி விதையும்: எது, யாருக்கு?

குடும்ப நலப் பகுதி



இவ்விதழுக்குரிய பொருளை ஒரு சகோதரியின் மடலே எடுத்துக் கொடுத்துவிட்டது. ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாமென அவர் கேட்டுக் கொண்டிருப்பதால், மடலின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினார். அன்று மாலையே நண்பர் ஒருவர் அவருடைய கைப்பேசிக்கு ஒரு பட்டியலை அனுப்பி வைத்தார். கோழி இறைச்சியைக் காட்டிலும் ஆளி விதையில் பதினைந்து மடங்கு இரும்புச் சத்தும், ஐம்பது மடங்கு சுண்ணாம்புச் சத்தும் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் கோழி வாங்குவது நின்றுவிட்டது. மூன்று மாதங்களாக எல்லாருக்கும் காலையில் ஆளி விதைத் தூள்தான். என் மாமிக்கு எழுபது வயது. பாலும் முட்டையும் அவருக்குப் பிடிப்பதில்லை. கோழி ஆணம் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று பாதித் தட்டோடு எழுந்து விடுகிறார். முன்பெல்லாம் தானாக எழுந்து நடமாடியவர், இப்போது நாற்காலியிலிருந்து எழக் கை கொடுக்கச் சொல்கிறார். பதினாறு வயது மகளோ, பள்ளியிலிருந்து வந்ததும் சோர்ந்து படுத்துக் கொள்கிறாள். கேட்டால், 'சத்து குறைவாக இருந்தால்தானே! பட்டியலைப் பார்' என்கிறார் என் கணவர். பட்டியல் பொய்யா? நான்தான் தவறாக நினைக்கிறேனா?"

சகோதரியே, பட்டியல் பொய்யன்று. தங்கள் ஐயமும் தவறன்று. இரண்டும் ஒரு சேர எப்படி உண்மையாகும் என்பதைப் பொறுமையாகக் காண்போம்.

பட்டியல் சொல்லும் கணக்கு

உணவுப் பொருள்களின் சத்துகளை 100 கிராம் என்ற ஒரே எடையில் அளந்து எழுதுவது வழக்கம். அவ்வாறு அளந்தால் கிடைக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான்.

தோல் நீக்கிய, சமைக்காத கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்: 120 கலோரி, புரதம் 22 கிராம், கொழுப்பு இரண்டரை கிராம், இரும்பு 0.4 மில்லி கிராம், சுண்ணாம்பு 5 மில்லி கிராம், நார்ச்சத்து இல்லை.

ஆளி விதை 100 கிராம்: 534 கலோரி, புரதம் 18 கிராம், கொழுப்பு 42 கிராம், இரும்பு 5.7 மில்லி கிராம். சுண்ணாம்பு 255 மில்லி கிராம். நார்ச்சத்து 27 கிராம்.

இரும்பில் பதினைந்து மடங்கு, சுண்ணாம்பில் ஐம்பது மடங்கு என்பது இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். புரதத்திலும் விதை அதிகம் பின்தங்கவில்லை. இந்த இடத்தோடு நிறுத்திக் கொண்டால், கோழிக்கு அடுப்படியில் வேலையே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு கேள்வி. 100 கிராம் ஆளி விதையை ஒரே நாளில் உண்பவர் யார்? நாம் உண்பது ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டித் தூள். ஒரு மேசைக்கரண்டித் தூளின் எடை ஏறத்தாழ 7 கிராம். இரண்டு கரண்டி என்றால் 14 கிராம். கோழியோ, நடுத்தரமான இரண்டு துண்டுகள் தட்டில் விழுந்தாலே எலும்பு போக 100 கிராமை நெருங்கிவிடும். எனவே ஒப்பிட வேண்டியவை இரு கரண்டித் தூளும் இரு துண்டுக் கறியுமே.

அந்த அளவில் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. இரு கரண்டி ஆளித் தூளில் புரதம் இரண்டரை கிராம்தான். கோழியில் 20 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் கோழி தரும் புரதத்தை விதையிலிருந்தே பெறுவதென்றால் 120 கிராமுக்கு மேல் விதை உண்ண வேண்டும். அதனுடன் 640 கலோரியும் 50 கிராம் கொழுப்பும் சேர்ந்து உள்ளே போகும். அவ்வளவு நார்ச்சத்தை ஒரே வேளையில் எந்த வயிறும் தாங்காது.

இரும்பில் பதினைந்து மடங்கு என்ற பெருமையும் இப்படியே கரைந்துவிடுகிறது. 14 கிராம் ஆளித் தூளில் உள்ள இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லி கிராம். 100 கிராம் கோழித் தொடைக்கறியிலும் ஏறத்தாழ 0.8 மில்லி கிராம்தான். தட்டுக்குத் தட்டு இரண்டும் சமம்.

உண்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை

அளவு சமமானாலும் பயன் சமமாவதில்லை. இரும்புச் சத்து உணவில் இரு வடிவங்களில் உள்ளது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி, இரத்தத்தின் சிவப்பணுவில் இருக்கும் வடிவத்திலேயே இருக்கிறது. அதைக் குடல் எளிதில் ஏற்றுக் கொள்கிறது. விதைகள், தானியங்கள், கீரைகள் ஆகியவற்றில் இருப்பது வேறு வடிவம். அதனுடன் பைட்டிக் அமிலம் என்னும் பொருளும் கலந்திருப்பதால், இரும்பைப் பற்றிக் கொண்டு குடலுக்கு விடாமல் வெளியேற்றி விடுகிறது. உணவோடு தேநீர் அருந்தினால் இந்த இழப்பு இன்னும் கூடுகிறது.

கறிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஒரே வேளையில் சோறு, பருப்பு, கீரையோடு சிறிது இறைச்சியோ மீனோ சேர்ந்தால், அந்தத் தாவர உணவுகளில் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக எடுத்துக் கொள்கிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி இதே உதவியைச் செய்கிறது. ஆகவே, இறைச்சி உண்ணாத வீடுகளில் உணவோடு எலுமிச்சை பிழிந்து கொள்வது மிக நல்ல பழக்கம்.

புரதத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த மாலை. அவற்றுள் ஒன்பதை உடலால் உண்டாக்கிக் கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அந்த ஒன்பதில் ஒன்றான லைசின், ஆளி விதையில் குறைவு. நாம் அன்றாடம் உண்ணும் அரிசியிலும் குறைவாக இருப்பது அதே லைசின்தான். எனவே சோற்றின் குறையை ஆளி விதை நிரப்புவதில்லை. அதனை நிரப்புபவை கோழி, மீன், முட்டை, பால் ஆகியவையும், தாவர உணவில் பருப்பும் பயறு வகைகளும்தாம். சோறும் பருப்பும் நம் தட்டில் இணைந்தே வருவதன் பயன் இதில் விளங்கும்.

பி12 என்னும் உயிர்ச்சத்து ஆளி விதையில் அறவே இல்லை. கோழிக் கறியில் ஓரளவும், கோழி ஈரலில் மிகுதியாகவும் உள்ளது. இது நீண்ட காலம் குறைந்தால் சோகையும், கை கால் மரத்துப் போதலும், மறதியும் வரக்கூடும். முதியோர்களின் உடல் இதனை உணவிலிருந்து பிரித்தெடுக்கும் திறனையும் ஓரளவு இழந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விதையின் தனிச் சிறப்பு

இதுவரை படித்தவர்கள், ஆளி விதை வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோழியால் ஒருபோதும் தர இயலாத மூன்றை அது தருகிறது.

முதலாவது, நார்ச்சத்து. இரு கரண்டித் தூளில் ஏறத்தாழ 4 கிராம் உண்டு. முழுக் கோழியை உண்டாலும் ஒரு கிராம் நார்ச்சத்து கிடைக்காது. மலச்சிக்கலால் துன்புறுவோர்க்கு இது பெரும் துணை. நீரில் ஊறும்போது வழவழப்பாக மாறும் இதன் பிசின், குடலில் கொழுப்பும் சர்க்கரையும் சேரும் வேகத்தைச் சற்றே குறைக்கிறது. இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு ஓரளவு குறைவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

இரண்டாவது, ஒமேகா-3 வகைக் கொழுப்பு. இரு கரண்டித் தூளில் 3 கிராமுக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விதையில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இதயத்துக்கும் மூளைக்கும் நேரடியாகப் பயன்படும் ஒமேகா-3 வகைகளாக உடல் இதனை மாற்றிக் கொள்ள வேண்டும். அப்படி மாறுவது மிகச் சிறு பங்கே. அந்த வகைகளை நேராகத் தருபவை கொழுப்புள்ள கடல் மீன்கள். கடலோர ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் இவ்வகையில் முதலிடம் பெறுபவை.

மூன்றாவது, லிக்னான் என்னும் தாவரப் பொருள். உணவுப் பொருள்களில் ஆளி விதையில்தான் இது மிக அதிகம் உள்ளது.

2013ஆம் ஆண்டு வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று இதில் குறிப்பிடத்தக்கது. கால் இரத்தக் குழாய் அடைப்புள்ள 110 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் ஆளித் தூளை உணவில் கலந்து கொடுத்தனர். ஆறு மாதங்கள் சென்றபின் மற்ற பிரிவினரோடு ஒப்பிட்டபோது, அவர்களுடைய மேல் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 புள்ளிகள் குறைந்திருந்தது. சிறு ஆய்வுதான்; எனினும் நம்பிக்கை தரும் செய்தி. இருப்பினும் அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறந்து, மாத்திரையை நிறுத்திவிட்டு விதையை நம்புவது ஆபத்து.

ஒரு வீடு, மூன்று தேவைகள்

இனி மடல் எழுதிய சகோதரியின் வீட்டுக்கு வருவோம். அங்கே நேர்ந்த பிழை, ஒருவருடைய நோய்க்கு ஏற்ற உணவை மூவருக்கும் சட்டமாக்கியதுதான்.

வீட்டுத் தலைவர்: இவருக்கு ஆளித் தூள் நல்லது. நாளொன்றுக்கு ஒரு கரண்டியில் தொடங்கி, இரு கரண்டி வரை கொள்ளலாம். ஆனால் கோழியை இவரும் கைவிட வேண்டியதில்லை. தோலோடு கூடிய தொடைக்கறி 100 கிராமில் 16 கிராம் கொழுப்பு உள்ளது. தோலை நீக்கினால் 4 கிராமாகக் குறைந்துவிடும். கொழுப்பை ஏற்றுவதில் தோலுக்கும், பொரிக்கும் எண்ணெய்க்கும், பிரியாணியில் ஊற்றும் நெய்க்கும் பெரும் பங்குண்டு. தோல் நீக்கி, குறைந்த எண்ணெயில் ஆணமாகச் சமைத்த கோழியை வாரம் இரண்டு மூன்று முறை உண்பதில் பெரும்பாலோர்க்குத் தடையில்லை.

மாமி: இவருக்குத்தான் இழப்பு மிகுதி. முதுமையில் தசை கரைவது இயற்கை. அதைத் தடுக்க, முதியோர் தம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமேனும் புரதம் உண்ண வேண்டும் என முதுமை மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் வேண்டும். நாள் முழுதும் 200 கிராம் அரிசி, கோதுமை உணவில் 15 கிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடிப் பருப்பில் 6, ஒரு முட்டையில் 6, ஒரு பெரிய குவளைப் பாலில் 6 என்று கூட்டினாலும் 33 கிராம்தான் ஆகிறது. இன்னும் 17 கிராம் வேண்டும். 75 கிராம் கோழி அதில் 15 கிராமைத் தந்துவிடும். இரு கரண்டி விதை தருவது மூன்று கிராமுக்கும் குறைவு. பாதித் தட்டோடு எழுந்துவிடுபவருக்கு, பாலும் முட்டையும் வேண்டாதவருக்கு, இந்தக் கணக்கில் எவ்வளவு பள்ளம் விழும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

எழுவதற்குக் கை தேடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். எனவே மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நன்று. சிறுநீரக நோயுள்ளவர்கள் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதையும் மருத்துவரே கூற வேண்டும். பல் இல்லாதவருக்குக் கோழியைக் கொத்துக்கறியாக்கிக் கஞ்சியில் வேகவைத்துக் கொடுக்கலாம்.

மகள்: சோர்ந்து படுக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று எண்ணிவிட வேண்டாம். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். இவளுக்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகை. அதைக் கோழியும் தனியாகத் தீர்க்காது, ஆளி விதையும் தீர்க்காது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை வேண்டும். பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரப்படும் இரும்பு மாத்திரையை வீசிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். உணவில் கீரை, பருப்பு, பேரீச்சையோடு கோழி அல்லது மீனும், எலுமிச்சையும் சேரட்டும். ஈரல் வாரம் ஒரு முறை சிறிதளவு தரலாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகமாதலால் கருவுற்ற பெண்கள் மட்டும் தவிர்த்துக் கொள்வது நல்லது. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஆளி விதையைப் பயன்படுத்தும் முறை

முழு விதையை அப்படியே விழுங்கினால், பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். மேலோடு அவ்வளவு உறுதியானது. இலேசாக வறுத்து ஆறவைத்து, பொடித்துக் கொள்ள வேண்டும்.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மரச் சாமான்களுக்கும் ஓவியச் சாயத்துக்கும் ஆளி எண்ணெய் பயன்படுவது காற்றுப் பட்டதும் அது வினைபுரிந்து இறுகிவிடும் என்பதால்தான். அதே குணத்தால் பொடித்த விதையும் விரைவில் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும். கசப்பு ஏறிய தூளைக் கொட்டிவிடுங்கள்.

மராட்டிய மாநிலத்தில் இவ்விதையை ஜவஸ் என்பர். அங்குள்ள வீடுகளில் பூண்டும் வற்றல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்து, ரொட்டிக்குத் தொட்டுக் கொள்கின்றனர். நாம் இட்லிப் பொடியிலும் சேர்க்கலாம். மோரிலும் கஞ்சியிலும் கலக்கலாம்.

தூளோடு தண்ணீரும் மிகுதியாகக் குடிக்க வேண்டும். இல்லையெனில் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதிலாகக் கூடிவிடும். குடல் அடைப்பு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இதன் பிசின் மருந்துகள் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும். எனவே மாத்திரைக்கும் தூளுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

தட்டில் யாருக்கு என்ன விழுகிறது?

முடிக்கும் முன் ஒன்றைக் கூறியாக வேண்டும். கோழி வாங்கும் வீடுகளிலும் அது எல்லாருக்கும் போய்ச் சேருவதில்லை. உழைத்து வரும் ஆண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் துண்டுகள் போய்விடுகின்றன. கடைசியில் உட்காரும் பெண்களுக்குக் கழுத்தெலும்பும் ஆணமும் மிஞ்சுகின்றன. முதியவர்களுக்கு, மெல்ல முடியாது என்று சொல்லி, சாற்றை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். சாற்றில் இறங்குவது உப்பும் மணமும் சிறிது ஜெலட்டினும்தாம். சளிக்கும் நாவுக்கும் இதமாக இருக்கலாம்; ஆனால் புரதத்தின் பெரும்பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. கறியை ஒருவர் உண்டு, சாற்றை மற்றவர் குடித்தால், இருவரும் கோழி உண்டதாக ஆகாது.

அதுபோலவே, கறித் துண்டை ஆசைப்படும் பெரியவரின் கையில் ஒரு கரண்டித் தூளைக் கொடுத்து, "இதில் எல்லாச் சத்தும் இருக்கிறது" என்பதும் முறையாகாது. விதையைக் கோழிக்கு மாற்றாக வைக்காமல், கோழிக்குத் துணையாக வையுங்கள். காலைக் கஞ்சியில் ஒரு கரண்டித் தூள் இருக்கட்டும். நண்பகல் தட்டில் ஒரு துண்டுக் கறியும் இருக்கட்டும்.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். இப்பக்கத்தைத் தங்கள் கணவரிடம் வாதாடுவதற்காகக் காட்ட வேண்டாம். அவர் தம் குடும்பத்துக்கு நன்மை என்று எண்ணித்தான் அதனைச் செய்தார். இன்று பகல் சமையலில் அரைக் கிலோ கோழியைத் தோல் நீக்கி, எண்ணெய் குறைத்து ஆணம் வையுங்கள். முதல் துண்டை மாமியின் தட்டிலும், இரண்டாவதை மகளின் தட்டிலும் வையுங்கள். தங்களுக்கும் ஒரு துண்டை எடுத்து வைத்துக் கொள்ள மறந்துவிடாதீர்கள்.